நிழலுக்கும் ஒரு தோட்டம்

மனைகள் சுருங்கி மாடிகள் உயர்ந்துவிட்ட நகரங்களில், வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஐந்தாறு அடி அகலத்தில் கிடக்கும் நிழற்சந்து, பழைய தகரத்துக்கும் கால் உடைந்த நாற்காலிக்கும் உரிய ஸ்தலமாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. செடிகள் குறைந்து வெளி மிகுந்த எளிய தோட்டத்தின்மேல் இப்போது பலருக்கும் பிரியம் பிறந்திருப்பதால் அந்த இடத்துக்கும் நல்ல காலம் வந்திருக்கிறது; கூடவே சில தவறான அபிப்பிராயங்களும் வந்திருக்கின்றன.

நம்பிக்கை: நிழலில் எதுவும் செழிக்காது.

உண்மை: அகத்தியை வரிசையாக வளர்த்து அதன் நிழலிலேயே வெற்றிலையைப் படரவிடும் கொடிக்கால்காரரும், பெருமரங்களின் கீழ் ஏலமும் காப்பியும் விளைவிக்கும் மலைத்தோட்டக்காரரும் இதை ஒருபோதும் ஒப்பமாட்டார்கள். நிழலில் சோர்ந்துபோவது காகிதப்பூவும் ரோஜாவும் போன்ற வெயிற்செடிகளே. பெரணி, அக்லோனிமா, பிலோடென்ட்ரான் முதலியவற்றுக்கு உச்சிவெயில்தான் சத்துரு.

நம்பிக்கை: வீட்டின் வடக்குப் பக்கம் ஆண்டு முழுவதும் நிழலாகவே இருக்கும்.

உண்மை: கடக ரேகைக்கு வடக்கே வெகுதூரத்திலுள்ள ஐரோப்பிய நாடுகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. ஏறத்தாழ 13 டிகிரி அட்சரேகையில் அமைந்த சென்னையில், சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்குச் சற்றே வடக்கில் நிற்கிறான். ஆகையால் மார்கழியில் வடசுவரோரம் குளிர்ச்சியாக வேரூன்றிய பெரணி, அக்கினி நட்சத்திரத்தில் இலைநுனி கருகிச் சுருண்டு நிற்பதில் ஆச்சரியமில்லை. காலை, உச்சி, மாலை ஆகிய மூன்று வேளையும் நிழலின் விளிம்பைத் தரையில் சாக்பீஸால் கோடிட்டு, மார்கழியில் ஒருமுறையும் வைகாசியில் ஒருமுறையும் பார்த்த பிறகே செடி வாங்கப் புறப்படுவது விவேகம்.

நம்பிக்கை: சில செடிகளுக்கு வெளிச்சமே தேவையில்லை.

உண்மை: அப்படி ஒரு பச்சைச்செடி கிடையாது. நேர்வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்க, விளக்கெரியும் அறையில் சில நூறு லக்ஸே இருக்கிறது. நம் கண் இரண்டுக்கும் உடனே பழகிவிடுவதால் இந்தப் பெரும் வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. ஸ்நேக் பிளான்ட் போன்றவை இருளைப் பொறுத்துக்கொள்ளும், அதில் வளராது. வெள்ளைக்கரை போட்ட இலைகளில் பச்சையம் குறைவாதலால், அவற்றுக்கு முழுப்பச்சை இலைகளைவிட அதிக ஒளி அவசியம்.

நம்பிக்கை: நிழலுக்கெல்லாம் ஒரே அளவில் தண்ணீர் போதும்.

உண்மை: சுவர்களுக்கிடையே உள்ள மண் மெல்லக் காய்வதால் அங்கே தினமும் ஊற்றினால் வேர் அழுகும். மாமரத்தடியிலோ மழையில் ஒரு பங்கை இலைகளும், மண்ணில் இறங்கியதில் பெரும்பங்கை மரத்தின் வேர்களும் கொள்ளைகொள்வதால், அடர்ந்த நிழலிலும் மண் வறண்டு கிடக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்ப்பதே உத்தமமான பரீட்சை.

நம்பிக்கை: தரைக்குச் சிமெண்டு பூசி வெள்ளைக் கூழாங்கல் பரப்பி மூன்று தொட்டி வைத்துவிட்டால், எளிமையும் வந்துவிடும், வேலையும் ஒழிந்துவிடும்.

உண்மை: ஜப்பானின் கியோட்டோ நகரத்து ரியோவான்ஜி ஆலயத்தில் பதினைந்து பாறைகளும் வெண்சரளையும் தவிர அதிகம் எதுவுமில்லாத தோட்டம் உலகப் பிரசித்தி பெற்றது, ஆயினும் அந்தச் சரளையில் தெரியும் ஒழுங்கான கோடுகள் மறுபடி மறுபடி மனிதக் கையால் வாரிக் கிழிக்கப்படுபவை. நூற்றுக்கு மேற்பட்ட பாசிவகைகள் படர்ந்த அதே நகரத்து சைஹோஜி ஆலயத் தோட்டத்திலும் உதிர்ந்த இலையைப் பாசி கெடாமல் பெருக்கி அகற்றுவது ஓயாத பணி. நம் ஊர் மழைக்காலத்தில் நிழலிலுள்ள வெள்ளைக்கல் பச்சை படிந்து வழுக்கும். சிமெண்டோ மழைநீர் இறங்கவும் வேர் மூச்சுவிடவும் வழியில்லாமல் செய்துவிடும். அதற்குப் பதில் இடைவெளிவிட்டுப் பதித்த கடப்பைக் கற்களும், நடுவே மண்ணும் போதும். கொழும்பில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கித் தம் இல்லத்தை அமைத்த கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, சிறு சிறு முற்றங்களைத் திறந்துவிட்டு உள்ளே ஒளியை இறக்கிய முறையும் நம் சீதோஷ்ணத்துக்கு இசைந்த நல்ல பாடம்.

எனவே, வாசகர்கள் நர்சரிக்குப் போகுமுன் தங்கள் நிழலைத் தெரிந்துகொள்ளட்டும். பத்து வகைச் செடியில் ஒவ்வொன்று வாங்காமல், அந்த நிழலுக்கு ஏற்ற ஒரே வகையில் பத்துச் செடி வாங்கட்டும். எளிய தோட்டத்தில் செடி குறையலாம், கவனிப்புக் குறையலாகாது.