சொல்லும் சுற்றமும்

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கு நோக்கிச் செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கீழ்பென்னாத்தூர் என்னும் ஊர் அமைந்துள்ளது. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் வேளாண்மைப் பகுதி அது. உழவர் குடியிற் பிறந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்வியை நாடும் மாணவர் பலர் இத்தகைய ஊர்களில் உள்ளனர். பள்ளியில் தமிழ்வழியிற் பயின்ற அவர்கள், கல்லூரியில் ஆங்கில நூல்களை எதிர்கொள்கின்றனர். ஒரு பக்கத்திற் பத்துச் சொற்கள் விளங்காவிடின் அப்பக்கம் முழுவதுமே இருண்டு போகிறது. ஆதலின் ஆங்கில அருஞ்சொற்களைப் பொருளறிந்து கற்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. வாழ்க்கைத் தேவை ஆகும்.

அங்ஙனம் கற்க முனைந்த மாணவன் ஒருவனை மனத்திற் கொள்ளலாம். அவன் தந்தை கீழ்பென்னாத்தூரில் மணிலா பயிரிடும் சிறு உழவர். பத்தாம் வகுப்பிற் பயின்ற அம்மாணவன் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டான். இடப்புறத்தில் ஆங்கிலச் சொல்லையும், வலப்புறத்தில் அதற்கு நேராக ஒரே ஒரு தமிழ்ச் சொல்லையும் எழுதினான். நாள்தோறும் இருபது சொற்களை மனப்பாடம் செய்தான். மூன்று திங்களில் குறிப்பேடு நிறைந்தது. அவன் உள்ளமும் பெருமிதத்தால் நிறைந்தது.

அவ்வேளையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பள்ளி நூலகத்திற்கு நூல்கள் பல வழங்கினார். அவருக்கு நன்றி கூறி ஆங்கிலத்தில் ஒரு மடல் படிக்கும் பொறுப்பு அம்மாணவனுக்குக் கிடைத்தது. பெரியவரைப் 'புகழ்பெற்றவர்' என்று குறிக்க விரும்பிய அவன், எளிய சொல்லை விடுத்து அருஞ்சொல் ஒன்றைத் தேடினான். 'நொட்டோரியஸ்' என்னும் சொல்லுக்கு நேரே, 'பலரும் அறிந்த' என அவன் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தது. அதனையே மடலில் அமைத்து, விழா மேடையில் உரத்த குரலிற் படித்தான். அவையில் ஆங்கிலம் அறிந்தோர் சிலர் வாய்விட்டு நகைத்தனர். பெரியவர் மட்டும் முகம் மாறாமல், மாணவனைத் தட்டிக்கொடுத்து மடலைப் பெற்றுக்கொண்டார்.

நகைப்பின் காரணம் பின்னரே மாணவனுக்குத் தெரிந்தது. அச்சொல் பலரும் அறிந்தவரைக் குறிப்பது உண்மையே. ஆயினும் தீச்செயலால் பலரும் அறிந்தவரையே அது குறிக்கும். கொள்ளையனுக்கும் ஏமாற்றுக்காரனுக்கும் உரிய அடைமொழியை அவன் கொடையாளருக்குச் சூட்டிவிட்டான்! நாணம் அவனை வாட்டியது. குறிப்பேட்டைப் பரணில் எறிந்தான். 'ஆங்கிலம் நமக்கு வாராது. பள்ளிப் படிப்போடு நின்றுவிடுவோம்' என்று முடிவு செய்தான்.

இதனை அறிந்த தமிழாசிரியர் அவனை அழைத்து, "தம்பி, உன் தந்தையார் வயலில் என்ன பயிர் செய்கிறார்?" என்று வினவினார்.

"மல்லாட்டை, ஐயா" என்றான் அவன்.

"மணிலாக் கொட்டை என்பதே மருவி மல்லாட்டை ஆயிற்று. மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர். ஆனால் அப்பயிரின் பிறப்பிடமோ தென்னமெரிக்கா. சொல்லுக்குள் ஒரு பயணமே அடங்கியுள்ளது அல்லவா? மல்லாட்டையை ஆட்டிப் பிழிந்தால் வருவது யாது?"

"எண்ணெய், ஐயா."

"எள்ளும் நெய்யும் சேர்ந்ததே எண்ணெய். எள்ளிலிருந்து வருவதற்கே உரிய பெயர் அது. இன்று மணிலாவிலிருந்து வருவதும் எண்ணெய். தேங்காயிலிருந்து வருவதும் எண்ணெய். மண்ணிலிருந்து கிடைப்பதும் மண்ணெண்ணெய். பிறந்த பொருளிலேயே எல்லாச் சொல்லும் நிலைத்து நிற்பதில்லை. நீ சொல்லின் ஒரு முகத்தை மட்டும் கண்டாய். அதன் சுற்றத்தைக் காணவில்லை. பிழை உன் அறிவில் இல்லை, கற்ற முறையில் உள்ளது" என்று கூறினார் ஆசிரியர்.

சொல்லின் சுற்றம் என்பது மூன்று வகையாக விரியும். முதலாவது, சொல்லின் உறுப்புகள். தமிழ் மாணவர் இலக்கண வகுப்பிற் பகுபத உறுப்புகளைக் கற்கின்றனர். 'படித்தான்' என்னும் சொல்லைப் பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி எனப் பிரித்துக் காண்கின்றனர். அதே பயிற்சி ஆங்கிலச் சொற்களுக்கும் துணை செய்யும். ஆங்கிலத்தின் அருஞ்சொற்களிற் பெரும்பாலானவை இலத்தீன், கிரேக்க மொழிகளின் வேர்களைக் கொண்டவை. 'டெலி' என்பது தொலைவு. 'ஃபோன்' என்பது ஒலி. 'ஸ்கோப்' என்பது நோக்கும் கருவி. 'மைக்ரோ' என்பது நுண்மை. இந்நான்கையும் அறிந்தவனுக்கு டெலிஃபோன், டெலிஸ்கோப், மைக்ரோஸ்கோப், மைக்ரோஃபோன் என்னும் நான்கு சொற்களின் அமைப்பும் விளங்கும். தொலைபேசி, தொலைநோக்கி, நுண்ணோக்கி என்னும் தமிழ்க் கலைச்சொற்களும் இவ்வமைப்பைத் தழுவியே ஆக்கப்பட்டன.

இலத்தீன் மொழியில் 'அனிமஸ்' என்பதற்கு உள்ளம் என்பது பொருள். 'ஒன்று' என்னும் பொருளுடைய சொல் அதனோடு சேர்ந்து 'யுனானிமஸ்' ஆயிற்று. தமிழில் 'ஒருமனதாக' என்று கூறுவதும் அதுவே. 'பெரிய' என்னும் பொருளுடைய சொல் சேர்ந்து 'மேக்னானிமஸ்' ஆயிற்று. பெருந்தன்மை உடைய என்பது அதன் பொருள். 'சமம்' என்னும் பொருளுடைய சொல் சேர்ந்து 'எக்வனிமிட்டி' ஆயிற்று. இன்பத்திலும் துன்பத்திலும் நிலைகுலையாத உள்ளமே அது. ஒரு வேர் மூன்று சொற்களுக்கு வாயிலாக நிற்பதை இங்குக் காணலாம்.

ஆயினும் வேர் ஒன்றை மட்டும் நம்புதல் ஆகாது. அதே வேரிற் பிறந்த 'அனிமாசிட்டி' என்னும் சொல் பகைமையைக் குறிக்கிறது. 'மேனுஃபாக்சர்' என்னும் சொல்லின் வேர்ப்பொருள் கையாற் செய்தல். இன்றோ அது பொறிகளைக் கொண்டு பெருவாரியாக உற்பத்தி செய்வதையே பெரிதும் குறிக்கிறது. 'நொட்டோரியஸ்' என்னும் சொல்லும் 'அறியப்பட்ட' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்தே பிறந்தது. தொடக்கத்தில் அதற்கு இழிவு இல்லை. வழக்கில் தீயோரைக் குறிக்கப் பலகாலும் ஆளப்பட்டமையால் இழிபொருள் பெற்றது. தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. பண்டைத் தமிழில் 'நாற்றம்' என்பது நறுமணத்திற்கும் உரிய பெயராக இருந்தது. இன்று பூவின் மணத்தை நாற்றம் என்று ஒருவர் கூறினால், கேட்போர் மூக்கைப் பொத்திக்கொள்வர்!

ஆதலால் இரண்டாவதாக அறிய வேண்டியது சொல்லின் துணை. அதாவது, அது எந்தச் சொற்களோடு சேர்ந்து நடமாடுகிறது என்பது. 'இறந்தான்', 'மாண்டான்', 'காலமானார்', 'இயற்கை எய்தினார்' ஆகிய அனைத்தும் ஒரே நிகழ்ச்சியைக் குறிப்பவை. எனினும், பெரியோர் ஒருவரின் மறைவைக் கூறுங்கால் 'மாண்டான்' என்று எவரும் எழுதார். இவ்வேறுபாட்டை எந்தப் பட்டியலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவில்லை. கேட்டும் படித்தும் அவர்கள் உணர்ந்தனர். பிறமொழிச் சொற்களையும் அவ்வாறே வாக்கியங்களில் வைத்து உணர்தல் வேண்டும்.

இவ்வுண்மையை ஆங்கில அகராதியாளர் நன்கு அறிந்திருந்தனர். சாமுவேல் ஜான்சன் 1755-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில அகராதியில், சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு நில்லாது, நல்லாசிரியர் நூல்களிலிருந்து மேற்கோள்களையும் காட்டினார். பின்னர் எழுந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அம்முறையைப் பெரிதாக விரித்தது. ஜேம்ஸ் மரே 1879-ஆம் ஆண்டில் அதன் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். தொண்டர் பலர் நூல்களைப் படித்து, சொல்லையும் அது வரும் வாக்கியத்தையும் சிறு தாள்களில் எழுதி அவருக்கு அனுப்பினர். முதற்பகுதி 1884-இல் வெளிவந்தது. மரே 1915-இல் மறைந்த பின்னும் பணி தொடர்ந்து, 1928-இல் நிறைவுற்றது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களும் பதினெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களும் அதில் இடம்பெற்றன. சொற்களினும் வாக்கியங்கள் மிகுதியாக இருப்பது எண்ணத்தக்கது.

தமிழ்நாட்டிலும் சொற்பொருள் கற்கும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. பழங்காலத்தில் மாணவர் நிகண்டுகளை மனப்பாடம் செய்தனர். திவாகரம், பிங்கலம், மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு முதலியவை அத்தகைய நூல்கள். அவை செய்யுள் வடிவில் அமைந்தவை. மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என இனம் இனமாகச் சொற்களைத் தொகுத்தவை. எனவே மனப்பாடம் செய்த மாணவரும் சொற்களைத் தனித்தனியே கற்கவில்லை; இனத்தோடு சேர்த்தே கற்றனர்.

ஒரு சொல்லை வேண்டியபோது எளிதிற் காணும் வழியை, இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் தொகுத்த சதுரகராதி காட்டியது. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளை உடைய அந்நூலில் சொற்கள் அகர வரிசையில் அமைந்தன. செருமனி நாட்டவரான ஃபாப்ரிசியஸ் 1779-இல் சென்னை வேப்பேரியில் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். அமெரிக்கரான வின்சுலோவின் பேரகராதி 1862-இல் வெளிவந்தது. அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை உடையது அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதன் பிற்சேர்க்கை 1939-இல் வெளிவந்தது. அப்பல்கலைக்கழகமே அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை 1960-களில் வெளியிட்டது. ஆங்கிலச் சொல் ஒன்றிற்கு இடத்துக்கேற்ற பல தமிழ்ப் பொருள்களை அதிற் காணலாம். அகராதி தரும் பல பொருள்களுள் முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவோர், அதனைத் தொகுத்தோர் உழைப்பின் பயனைப் பெறாதவரே ஆவர்.

சுற்றத்தின் மூன்றாம் வகை பயிற்சி. சொல்லை மீண்டும் மீண்டும் நினைந்தும் ஆண்டுமே அதனைத் தமதாக்குதல் கூடும். செருமனி நாட்டு உளவியல் அறிஞர் எபிங்காஸ், நினைவாற்றலைப் பற்றித் தம்மையே கருவியாகக் கொண்டு ஆராய்ந்து, 1885-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பொருளற்ற அசைகளை அவர் மனப்பாடம் செய்தார். கற்றவற்றின் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்து போவதைக் கண்டார். ஒரே வேளையிற் பலமுறை படிப்பதைவிட, பல நாள்களில் இடைவெளி விட்டுப் படிப்பது மிகுந்த பயன் தருவதையும் கண்டார். மேலும், பொருளுடைய செய்யுளைக் கற்க, பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய முயற்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பொருள் உணர்ந்து கற்பது நினைவுக்கும் துணை என்பது இதனால் தெளிவாகும்.

இவற்றை எல்லாம் படிப்படியாக விளக்கிய ஆசிரியர், மாணவனிடம் புதிய குறிப்பேடு ஒன்றைக் கொடுத்தார். "நாளொன்றுக்கு இருபது சொற்கள் வேண்டா, ஐந்து போதும். ஒவ்வொன்றிற்கும் நான்கு வரிகள் எழுதுக. முதல் வரியில், அச்சொல்லை நீ கண்ட வாக்கியம். இரண்டாம் வரியில், அதன் உறுப்புகள். மூன்றாம் வரியில், எதனோடு அது சேரும், எதனோடு சேராது என்பது. நான்காம் வரியில், நீயே ஆக்கிய வாக்கியம். மறுநாளும், மறுவாரமும், மறுதிங்களும் அதனைத் திரும்பிப் பார்ப்பாயாக" என்றார்.

மாணவன் தயங்கி, "ஐயா, அயலார் மொழி எனக்கு அமையுமா?" என்று கேட்டான்.

"அயலாராகிய வீரமாமுனிவர்க்குத் தமிழ் அமைந்ததே! அவரும் முதலில் ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்கியிருப்பார். மேலும், ஆங்கிலத்திலும் உன் வீட்டுச் சொற்கள் உள்ளன. நம் கட்டுமரம் அங்குக் 'கட்டமரான்' ஆயிற்று; மிளகுத்தண்ணீர் 'மலிகட்டானி' ஆயிற்று; சுருட்டு 'செரூட்' ஆயிற்று. அங்கும் பொருள் மாறியதைப் பார். நாம் மரங்களைப் பிணைத்ததைக் கட்டுமரம் என்கிறோம். அவர்களோ இரட்டை உடல் கொண்ட படகை அப்பெயரால் அழைக்கின்றனர். மொழிகள் ஒன்றிடம் ஒன்று கடன் பெற்றே வளர்கின்றன. கடன் பெறுவதில் நாணம் வேண்டா; பெற்ற பொருளின் மதிப்பை அறியாது செலவிடுவதற்கே நாணுதல் வேண்டும்" என்று விடையளித்தார் ஆசிரியர்.

மாணவன் அம்முறையைப் பின்பற்றினான். அவன் கற்ற சொற்களின் தொகை முன்னினும் குறைந்தது. ஆனால் கற்றவை கைவிட்டுப் போகவில்லை. படித்த நூல்கள் மெல்ல மெல்ல விளங்கலாயின. தமிழ்ச் சொற்களையும் அவன் முன்னினும் கூர்ந்து நோக்கத் தொடங்கினான்.

ஓராண்டு கழிந்தபின் அப்பெரியவருக்கு அவன் மீண்டும் ஒரு மடல் எழுதினான். முன்னைய பிழைக்கு வருந்துவதாகக் குறித்து, அன்று அவையில் தன்னை நாணச் செய்யாது தட்டிக்கொடுத்த அவரை 'மேக்னானிமஸ்' என்னும் சொல்லாற் சுட்டினான். அச்சொல்லை அவன் எந்தப் பட்டியலிலும் தேடவில்லை. பெருந்தன்மை இன்னதென்பதை அவன் அவரிடமே நேரிற் கண்டிருந்தான்.