தருமமும் இளைய தலைமுறையும்

சைவமக்களாகிய எமக்குத் தருமம் செய்வது புதிய விடயமன்று. அக்காலத்தில் எமது தாய்மார் உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்து வேறொரு முட்டியிற் போட்டு வைப்பார்கள். இது பிடியரிசி எனப்பட்டது. சேர்ந்த அரிசி நற்பணிகளுக்குப் போகும். யாருடைய பிடி யாருடைய பசியைத் தீர்த்தது என்பது எவருக்கும் தெரியாது. 1877ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் பஞ்சத்தால் வாடியபோது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் நடத்திய கஞ்சித்தொட்டித் தருமமும் இந்த மண்ணிலேதான் நடந்தது.

இன்று பிடியரிசி முட்டியைக் காண்பது அரிது. அதனால் இளையோர் தருமத்தைக் கைவிட்டனர் என்று பெரியோர் சிலர் கூறுவது பொருந்தாது. பிறந்தநாட் செலவைச் சிறுவர் இல்லத்தில் ஒருநேர உணவாக மாற்றும் பிள்ளைகள் எம்மிடையே உள்ளனர். புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து பணம் அனுப்பும் பேரப்பிள்ளை, “பற்றுச்சீட்டு எங்கே?” என்று கேட்கிறார். அதனை மரியாதைக் குறைவென்று எடுத்துக்கொள்ளலாகாது. கோயிற் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் நாமும் வாசிக்கத்தானே செய்கிறோம்!

அவர்கள் புதிதாகச் சேர்த்த தருமம் குருதிக்கொடை. இளைஞர் கழகங்கள் இரத்ததான முகாம்களை நடத்துகின்றன. பதினெட்டு வயது நிரம்பிய, ஐம்பது கிலோவுக்குக் குறையாத நிறையுள்ள சுகதேகி ஒருவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை குருதி வழங்கலாம். அதனைச் செங்குழியம், குருதிச் சிறுதட்டு, திரவவிழையம் எனப் பிரித்தெடுப்பதால் ஒருவரின் கொடை ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளருக்கு உதவும். பணமில்லாத மாணவனும் செய்யக்கூடிய தருமம் இது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று இங்கும் தெரியாது. பிடியரிசியின் குணம் இதில் அப்படியே இருக்கிறது.

மனதை உறுத்துவது வேறொன்று. கொப்பியும் புத்தகப்பையும் பெறும் சிறுமியை நிறுத்திப் படம்பிடித்து முகநூலில் இடுகிறார்கள். பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டத்தான் என்பார்கள். ஆனால் மறுநாள் வகுப்பறைக்குப் போகவேண்டியவள் அந்தப் பிள்ளை. கணக்குக்குக் கடைப் பற்றுச்சீட்டும், வாங்கிய பொருட்களின் படமும், பொறுப்பேற்ற அதிபரின் கையொப்பமும் போதுமே. பொருட்களை அதிபரிடம் ஒப்படைத்து, எவருக்குக் கொடுப்பது என்பதை அவரிடமே விட்டுவிட்டால், பிள்ளை பாடசாலையில் புத்தகம் பெறுவதுபோலவே அதையும் பெற்றுக்கொண்டு வீடு செல்லும்.