ராக்கெட்டைக் கீழே வைத்த பிறகு

கண்ணு, போட்டிகளை முடித்துக்கொண்டு ஓசூரிலேயே பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித்தரப் போகிறேன் என்றாய். மனசு நிறைந்துவிட்டது. ஆடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லித்தரவும் தெரியும் என்று ஊர் நம்புகிறது. நீ அதை நம்பிவிடாதே. ஆடுவது ஒரு பிறவி, ஆட்டுவிப்பது இன்னொரு பிறவி. கோர்ட் ஓரத்திலேயே தலை நரைத்தவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை உனக்கு எழுதுகிறேன்.

1. முதல் சில வாரங்கள் பிள்ளை அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இரு, திருத்தாதே. உனக்கு வேகமான சர்வீஸ் சோறு போட்டது. அதனால் எல்லாரும் அப்படியே அடிக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள். இதற்கு ராமநாதன் கிருஷ்ணன் வீட்டைவிடப் பெரிய பாடம் நம்மிடம் இல்லை. டி.கே. ராமநாதன் தன் மகன் கிருஷ்ணனுக்குக் கற்றுக்கொடுத்தார். கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார், 1960இலும் 1961இலும் அங்கே அரையிறுதி வரை போனார். பிறகு அவர் தன் மகன் ரமேஷுக்குக் கற்றுக்கொடுத்தார். தந்தை வென்ற அதே சிறுவர் பட்டத்தை 1979இல் மகனும் வென்றார். லெண்டிலும் பெக்கரும் பந்தைப் பிளந்துகொண்டிருந்த காலத்தில் ரமேஷின் சர்வீஸ் மெதுவானது. பந்தை முன்கூட்டியே படிக்கும் கண்ணையும் மென்மையான தொடுகையையும் வைத்துக்கொண்டுதான் அவர் கடைசிவரை ஆடினார். முந்தைய ஆண்டு மூன்று கிராண்ட்ஸ்லாம் வென்று உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் நேர் செட்களில் வீழ்த்தியது அந்தக் கைதான். உன்னிடம் வரும் பிள்ளைக்கும் அப்படி ஒரு கை இருக்கும். உன் கையைப் போல இல்லையே என்று அதைக் கெடுத்துவிடாதே.

2. சின்னப் பிள்ளைகளுக்குச் சிவப்புப் பந்துதான். அது வழக்கமான மஞ்சள் பந்தைவிட முக்கால் பங்கு மெதுவாகப் போகும், 36 அடிக் கோர்ட்டில் ஆட வேண்டியது. அடுத்து ஆரஞ்சு, அதற்கப்புறம் பச்சை. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்தே கூடாது என்று சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2012இலிருந்து விதியாக்கிவிட்டது. ஆனாலும் "எப்ப சார் பெரிய பந்து தருவீங்க?" என்று பெற்றோர் நச்சரிப்பார்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரும் கண்ணு, பிள்ளையின் தோள் கிழிந்துதான் போகும். பாகலூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் பிப்ரவரி 14க்குப் பூக்க வேண்டும் என்று நாள் கணக்குப் பார்த்து ரோஜாவைக் கவாத்து செய்கிறார்கள். பூவுக்கு அது சரி. பன்னிரண்டு வயதுப் பட்டத்துக்கென்று ஒரு பிள்ளையை அப்படி வெட்டி வளர்க்காதே.

3. இதை மட்டும் இரண்டு முறை படி. சின்னப் போட்டிகளில் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் நடுவர் இருக்கமாட்டார். தன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று பிள்ளையேதான் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் புள்ளி எதிராளிக்கே. விதி அவ்வளவுதான், ஆனால் அதைக் கடைப்பிடிப்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு கடினம் தெரியுமா? செட் கையில் இருக்கிறது, வேலிக்கு வெளியே அப்பா நிற்கிறார், பந்து கோட்டை உரசியதை அந்தப் பிள்ளையைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு போட்டியில் ஒரு பையன் அந்த இடத்தில் "உள்ளே" என்று கை காட்டினான். செட் போயிற்று, ஆட்டமும் போயிற்று. அவன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. மறுநாள் காலை பயிற்சியைத் தொடங்குமுன் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து அவன் செய்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு பயிற்சியில் சண்டை வந்தால் என்னிடம் வருவதை விட்டுவிட்டு அவனிடம் போய்க் கேட்டார்கள். கோப்பை வாங்கியவனை எல்லாரும் கைதட்டிப் பாராட்டுவார்கள். புள்ளியை விட்டுக்கொடுத்தவனைப் பாராட்ட உன்னை விட்டால் ஆளில்லை.

4. பெற்றோரிடம் பணத்தைப் பற்றி உண்மையைச் சொல். சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் இவர்கள். 15,000 டாலர் போட்டி என்று பேப்பரில் படித்தால் வென்றவருக்கே அத்தனையும் என்று நினைத்துக்கொள்வார்கள். அது எல்லாருக்கும் பிரித்துத் தரும் மொத்தத் தொகை. ஒற்றையர் பட்டம் வென்றவர் கைக்கு வருவது இரண்டாயிரம் டாலர் சொச்சம். பயணம், அறை, சாப்பாடு, ஸ்டிரிங் எல்லாம் அதற்குள்தான். கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதனை நினைத்துக்கொள். ரஞ்சி கிரிக்கெட் ஆடிய அப்பாவிடம் டென்னிஸ் பழகியவர். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்றார். நவீன காலத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அந்த உயரத்துக்குப் போனவருக்கே செலவுக்குப் பணம் புரட்டுவது ஓயாத போராட்டமாக இருந்தது. பிறகு கலிஃபோர்னியாவில் அகாடமி தொடங்கிக் கோச் ஆனார். ஆகவே ஓசூரில் நிலத்துக்கு நல்ல விலை வருகிறது, விற்றுவிட்டு மகளை ஆடவைக்கிறேன் என்று ஒருவர் வந்தால் உட்காரவைத்துக் கணக்கைப் போட்டுக் காட்டு. உனக்கு வரும் கட்டணம் போனாலும் போகட்டும்.

5. பிள்ளை தோற்றுக்கொண்டிருக்கும்போது உன் முகத்தைத்தான் திரும்பிப் பார்க்கும். அங்கே கோபத்தைக் காட்டாதே. 1966இல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டம். கடைசி ஒற்றையரில் தாமஸ் கோக்கிடம் கிருஷ்ணன் இரண்டுக்கு ஒன்று என்று செட்களில் பின்தங்கியிருந்தார். நான்காவது செட்டில் 2-5. அங்கிருந்து 7-5, 6-2 என்று எழுந்து வந்து இந்தியாவை முதன்முறையாக இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனார். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல். ஆனால் தோற்ற அன்றைக்கே சொல்லாதே. அன்றைக்குச் சாப்பாடு வாங்கிக்கொடு, போதும்.

6. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். காற்று கொஞ்சம் லேசு, பந்து சற்றே கூடுதலாகப் பறக்கும். அதே அடியைச் சென்னை நுங்கம்பாக்கத்தில் அடித்தால் பந்து முன்னாலேயே விழும், வெக்கையும் ஈரமும் வேறு ஆளைச் சாய்க்கும். முடிந்தால் இரண்டு நாள் முன்னதாகக் கூட்டிப்போ. இல்லாவிட்டால் பிள்ளை தன் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

7. கிளப்பில் கூட நின்று பந்தடித்துப் பழக்கும் மார்க்கரை மரியாதையாக நடத்து. வலை கட்டுகிறவர், கோடு போடுகிறவர், பந்து பொறுக்கும் பையன் எல்லாரையும்தான். பந்து பொறுக்கிப் பொறுக்கியே ஆட்டத்தைப் படித்து மார்க்கரானவர்கள் நம் கிளப்புகளில் நிறைய. எந்தப் பிள்ளை களைத்துவிட்டது என்று உனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். நீ அவரை எப்படிக் கூப்பிடுகிறாயோ பிள்ளைகளும் அப்படியே கூப்பிடுவார்கள். ஒரே கோர்ட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலும் கேட்கிற ஊர் இது. எந்த மொழிப் பிள்ளையையும் ஓரமாக நிற்கவிடாதே.

8. கோர்ட் கதவு திறந்தே இருக்கட்டும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடு. எந்தப் பிள்ளையையும் தனியாக எங்கும் அழைத்துப் போகாதே. இதற்கு விதிவிலக்கே கிடையாது.

9. ஒருநாள் உன்னிடம் உள்ளதையெல்லாம் ஒரு பிள்ளை கற்று முடித்துவிடும். அன்றைக்குப் பிடித்து வைத்துக்கொள்ளாதே. விஜய் அமிர்தராஜ் மதராசில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் அகாடமிக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த சிறுவன்தான் லியாண்டர் பயஸ். 1990இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம், 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் வெண்கலம். அந்த வயதில் அவனை ஊரைவிட்டு அனுப்பிய மனசுகளையும் அந்தப் பதக்கத்தில் நான் சேர்த்தே பார்க்கிறேன். நமக்கு அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு, 40 கிலோமீட்டர்தான். அங்கே நல்ல கோச் யார் என்று நீயே விசாரி, நீயே பேசு, முதல் நாள் கூடவே போ. போகும்போது ஒரு நோட்டு எழுதிக் கொடு: எந்த முழங்காலில் வலி வரும், எந்தப் பந்துக்குப் பயப்படும், சத்தம் போட்டால் சுருங்குமா, வீட்டில் யார் என்ன ஷிஃப்ட், பரீட்சை எப்போது. புதுக் கோச் வேறு யாரைக் கேட்டும் தெரிந்துகொள்ள முடியாதவை அவை.