இருவர் சேர்ந்து புரோகிராம் எழுத உதவும் கிட்

புதிதாக புரோகிராம் எழுதுபவர்களின் போல்டரைத் திறந்தால் கணக்கு, கணக்கு புதியது, கணக்கு கடைசி, கணக்கு கடைசி 2 என்று பைல்கள் வரிசையாக இருப்பதைப் பார்க்கிறேன். எதில் எதை மாற்றினோம் என்பது ஒரே வாரத்தில் மறந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் குழப்பம் இன்னும் கூடும். இதைத் தீர்க்க வந்தவையே வெர்ஷன் கண்ட்ரோல் சாப்ட்வேர்கள்.

இவற்றில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்கு இங்கிருந்து வயர்லெஸ் மூலம் தகவல்கள் சென்றன. நடுவில் ஒரு மையம், சுற்றிலும் கிளைகள். சப்வெர்ஷன் போன்ற சாப்ட்வேர்கள் இந்த அமைப்பில் இயங்குகின்றன. மாற்றங்களின் முழு வரலாறும் நடுவில் உள்ள சர்வரில்தான் இருக்கும். சர்வருடன் இணைப்பு இல்லையென்றால் மாற்றத்தைப் பதிய முடியாது.

இரண்டாவது வகை, லினக்ஸ் கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் உருவாக்கிய கிட். இதில் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் பைல்களோடு முழு வரலாறும் இருக்கும். இன்டர்நெட் இல்லாதபோதும் மாற்றங்களைப் பதியலாம். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பகுதி கிராமங்களில் புகுந்தது. அதுபோன்ற நாளில் பாகூரில் உள்ள கம்ப்யூட்டர் நனைந்து வீணானாலும், வில்லியனூர் நண்பர் கடைசியாகப் பெற்றுக்கொண்டது வரை அவரிடம் பத்திரமாக இருக்கும்.

இனி செய்முறையைப் பார்ப்போம்.

1. கிட் புரோகிராமை அதன் இணைய தளத்திலிருந்து இலவசமாக டவுன்லோட் செய்து விண்டோஸில் இன்ஸ்டால் செய்திடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் கிட் ஜி.யு.ஐ. கிளிக் செய்து, கிரியேட் நியூ ரெபாசிட்டரி மூலம் உங்கள் போல்டரைத் தேர்ந்தெடுங்கள். ரெபாசிட்டரி என்பது பைல்களும் வரலாறும் சேர்ந்த களஞ்சியம்.

2. எடிட் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று உங்கள் பெயரையும் இமெயில் முகவரியையும் தாருங்கள்.

3. பைலை மாற்றி சேவ் செய்தபின் ரீஸ்கேன், ஸ்டேஜ் சேஞ்ச்டு என வரிசையாக அழுத்துங்கள். "வட்டிக் கணக்கு திருத்தம்" என்பது போல ஒரு குறிப்பு எழுதி கமிட் அழுத்துங்கள். அன்றைய நிலை தேதியுடன் பதிவாகிவிடும்.

4. கிட்ஹப் தளத்தில் காலியான பிரைவேட் ரெபாசிட்டரி ஒன்றை உருவாக்கி, நண்பரையும் அதில் சேருங்கள். அதன் முகவரியை ரிமோட் மெனுவில் ஆட் மூலம் தந்து, புஷ் செய்திடுங்கள். நண்பர் குளோன் எக்சிஸ்டிங் ரெபாசிட்டரி மூலம் முழுவதையும் பெறலாம்.

5. பின்னர் வரும் மாற்றங்களைப் பெற ரிமோட் மெனுவில் பெட்ச் செய்து, மெர்ஜ் மெனுவில் இணைத்திடுங்கள். இருவரும் ஒரே வரியை மாற்றியிருந்தால் கிட் தானாக முடிவெடுக்காது. முரண்பட்ட இடத்தைக் காட்டும். எது சரி என்பதை நீங்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்ட், வங்கி விவரங்கள் உள்ள பைல்களைக் கமிட் செய்யாதீர்கள். பின்னர் அந்த பைலை அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருக்கும். குளோன் செய்த ஒவ்வொருவரிடமும் இருக்கும்.

தினமும் வேலை முடிந்ததும் ஒரு கமிட், இன்டர்நெட் கிடைத்ததும் ஒரு புஷ். இந்த இரண்டையும் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். புஷ் செய்யாத மாற்றம் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.