தேமலும் தொலைவிலுள்ள மருத்துவரும்

திருவிடந்தைக் கடலோரத்துச் சிறுவன் ஒருவனின் தோளில் வெளிறிய தேமல் தோன்றுகிறது எனக் கொள்வோம். குழந்தைகளுக்கு வரும் தேமல் பெரும்பாலும் தீங்கற்றது. நாளடைவில் தானே மறையும். அரிதாக, அதுவே தொழுநோயின் முதற்குறியாகவும் அமைவதுண்டு. பிரித்தறியத் தோல்நோய் வல்லுநர் வேண்டும்; அவரோ தொலைவிலுள்ள நகரில் இருப்பார்.

இத்தொலைவைக் குறைக்கவே இந்திய அரசாங்கம் 2019 நவம்பரில் ‘இ-சஞ்சீவனி’ என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் அதன்வழி வல்லுநரைத் திரையில் கண்டு கலந்து பேசலாம். தேமலின் படத்தையும் அனுப்பலாம். ஆயினும், படம் நிறத்தைக் காட்டுமேயன்றி உணர்ச்சியைக் காட்டாது. தொழுநோய்த் தேமலிலோ பெரும்பாலும் தொடுவுணர்ச்சி குன்றியிருக்கும். ஆகவே, அருகிலிருக்கும் மருத்துவர் சிறுவனைக் கண்மூடச் செய்து, பஞ்சுத் திரியால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்கிறார். அஞ்சும் குழந்தையிடம் இதனை விளையாட்டாகவே நடத்துதல் வேண்டும்.

அதன்பின்னும் ஐயம் நீங்காவிடின், நேரில் காண்பதே வழி. செங்கற்பட்டை அடுத்த திருமணியில், 1955 முதல் இந்திய அரசாங்கத்தின் பொறுப்பிலுள்ள தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டுமருந்துகள் 1995 முதல் இலவசமாகவே கிடைக்கின்றன. நரம்பு கெடுமுன் அவற்றை உண்ணத் தொடங்கினால், சிறுவனின் விரல்கள் மடங்கி முடமாகாமல் காக்கலாம்.