சபைக்கு மைன்ஸ் ஆக்ட் கிடையாது

அன்புள்ள தம்பிக்கு,

வாலிபர் ஐக்கியச் செயலாளர் பொறுப்பை விட்டுவிடப் போவதாக உன் அம்மா சொன்னாள். விடு என்றோ விடாதே என்றோ சொல்ல இதை எழுதவில்லை. களைத்துப்போன நேரத்தில் முடிவெடுக்காதே, ஒரு மாதம் தள்ளிப்போடு. அதற்குள் யோசிக்கச் சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் உன் வாரத்தைப் பார். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போகிறாய். வீடு திரும்பும்போது ராத்திரி. 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கவயல் மைன்ஸ் மூடிய பிறகு நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு இதுதான் பிழைப்பு. சனிக்கிழமை லீவு என்று பேர், அன்றைக்குப் பாட்டுப் பயிற்சி. ஞாயிறு காலை ஆராதனை, பிறகு ஞாயிறு பள்ளி, மதியம் கமிட்டி, சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம். ஊருக்கு ஓய்வுநாள், உனக்கு அது ஏழாவது வேலைநாள்.

இதை நம் மைன்ஸோடு ஒப்பிட்டுப் பார். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. அங்கே எவ்வளவு கெட்டிக்காரனானாலும் ஷிப்ட் முடிந்தால் கேஜில் ஏறி மேலே வந்தாக வேண்டியிருந்தது. கீழே ஒருவனுக்கு ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று 1952-ம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே (மைன்ஸ் ஆக்ட்) சொன்னது. சபைக்கு அப்படி ஒரு மைன்ஸ் ஆக்ட் கிடையாது. எப்போது கூப்பிட்டாலும் ஓடி வருகிற பையனை 'பாரமுள்ள பிள்ளை' என்று புகழ்வோம். அவன் ஒரு நாள் வராமல் நின்றுவிட்டால் 'பின்வாங்கிப் போய்விட்டான்' என்று ஜெபக் குறிப்பில் சேர்ப்போம். இதில் எனக்குக் கோபம் உண்டு.

அண்டர்கிரவுண்டில் எல்லாரும் பயந்தது ஏர் பிளாஸ்ட்டுக்குத்தான். பாறை அழுத்தத்தை உள்ளேயே சேர்த்துவைத்துக்கொண்டு பார்வைக்கு உறுதியாக நிற்கும், பிறகு வெடிக்கும். மனிதனும் அப்படித்தான். இப்படி முழுக்கக் களைத்துப்போவதை (பர்ன்அவுட்) உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய் என்று சொல்லாமல், வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்று பட்டியலில் சேர்த்தது. தெம்பு வற்றுவது, செய்யும் வேலைமேல் கசப்பு வருவது, செய்வதெல்லாம் வீண் என்று தோன்றுவது, இந்த மூன்றும் அடையாளம். அவர்கள் மனதில் வைத்தது சம்பள வேலையை. ஊழியத்தில் இதே மூன்றும் வேறு வேஷத்தில் வரும்: ஜெபம் நடத்தும்போது வாய் பேசும், மனசு வராது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்மேல் எரிச்சல் வரும், சபை நம்பர் போனில் தெரிந்தாலே முகம் சுளிக்கும்.

எலியாவை நினைத்துப் பார். கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றி. அதன் பிறகு யேசபேலிடமிருந்து ஒரு மிரட்டல், ஆள் உட்கார்ந்துவிட்டார். பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போனார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட அவரிடம் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், திரும்ப எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேபில் எலியா இரண்டு தரம் சொன்ன பேச்சு, தான் ஒருவன்தான் மிச்சம் என்பது. கர்த்தர் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. ஏழாயிரம் பேர் இருப்பதாகச் சொல்லி, உன் ஸ்தானத்துக்கு எலிசாவை அபிஷேகம் பண்ணு என்று அனுப்பினார். நம் நிலைமையில் அந்த ஏழாயிரம் பேர்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'நான் இல்லாவிட்டால் நடக்காது' என்று உனக்குத் தோன்றினால், அது பக்தி இல்லை, களைப்பு. கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

ஜனத்துக்குத் தனியாக நியாயம் தீர்த்துக்கொண்டிருந்த மருமகன் மோசேயிடம் எத்திரோ சொன்னதும் இந்த மாதிரிதான். நீ மட்டுமல்ல, காத்து நிற்கிற ஜனமும் தளர்ந்துபோகும் என்றார். கப்பர்நகூமில் எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோதுகூட இயேசு அங்கே திரும்பவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போனார். தேவை இருக்கிற இடமெல்லாம் அழைப்பு இல்லை.

இனி செய்ய வேண்டியது. சனிக்கிழமையை உன் ஓய்வுநாளாக வை; பாட்டுப் பயிற்சியை ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் முக்கால் மணி நேரமாகச் சுருக்கு. பாட்டு கொஞ்சம் சுருதி விலகினால் ஒன்றும் கெட்டுவிடாது. மாதத்தில் ஒரு ஞாயிறு எந்தப் பொறுப்பும் இல்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார். வீட்டு ஜெபக்கூட்டத்தை இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் சொதப்பும்போது போய்ச் சரிசெய்யாமல் இரு. இதுதான் உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும். இரண்டு வாரம் சரியாகத் தூங்கியும் மனசு இருட்டாகவே இருந்தால் டாக்டரைப் பார். உபவாசம் அதற்கு மருந்தில்லை.

கமிட்டியில் சிலர் முணுமுணுப்பார்கள். உன் பெயரை இழுக்காமல் அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு யார் இரண்டு பேர் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
பெரியப்பா
ஆண்டர்சன்பேட்டை