டீசலுக்குப் பக்கத்தில் அடுக்கிய மூட்டை

‘இது உரம்தானே, டெட்டனேட்டர் இல்லாமல் வெடிக்காது’ என்ற நம்பிக்கையோடுதான் அம்மோனியம் நைட்ரேட் மூட்டைகள் பல கிடங்குகளில் கிடக்கின்றன. அதில் பாதி உண்மை. கலப்பில்லாத நைட்ரேட், திறந்தவெளியில் தீக்குச்சி பட்டு வெடிப்பதில்லை; அது எரிபொருளும் அல்ல, மற்றவை எரிய ஆக்சிஜன் கொடுக்கும் பொருள். ஆனால் சுரங்கம் அதை வாங்குவதே வெடிக்க வைக்கத்தான். 94 பங்கு நைட்ரேட்டில் 6 பங்கு டீசலைச் சேர்த்தால் பாறை பிளக்கும் வெடிமருந்து தயார். அப்படியிருக்க டீசல் பீப்பாயையும் கிரீஸ் டப்பாவையும் அதே அறையில் வைப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்! பீப்பாய் கசிந்து, கிழிந்த மூட்டையில் எண்ணெய் ஊறினால், கணக்கில் அது இன்னும் உரம். தரையில் கிடப்பதோ வேறு பொருள்.

‘எத்தனையோ வருடமாக இப்படித்தான் வைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்பது அடுத்த வாதம். ஜெர்மனியின் ஓப்பாவ் ஆலையிலும் இதையே நம்பினார்கள். அங்கே அம்மோனியம் சல்பேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரம் ஈரத்தில் இறுகிப் பாறையாகிவிடும். சிறு வெடிவைத்து உடைத்து எடுப்பார்கள். பல்லாயிரம் முறை அப்படி வெடித்தும் விபத்தில்லை. 1921 செப்டம்பர் 21 அன்று அதே வேலை நடந்தபோது ஆலையே சிதறியது. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கலவையின் விகிதம் குவியலுக்குள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை என்பதை முந்தைய வெற்றிகள் யாருக்கும் சொல்லவில்லை. இறுகும் தொல்லை நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. சுமார் 32 டிகிரி செல்சியஸில் நைட்ரேட்டின் படிக அமைப்பு மாறுகிறது. பகலில் அந்த அளவைத் தாண்டி இரவில் கீழிறங்கும் தகரக் கொட்டகையில், மணிகள் உடைந்து தூளாகி, ஈரம் குடித்துக் கட்டியாகின்றன. பழைய சரக்கை முதலில் எடுத்துத் தீர்க்க வேண்டியது அதனால்தான்.

தீப்பிடித்தால் கதவைச் சாத்திக் காற்றை அடைத்துவிடலாம் என்ற எண்ணம் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் ‘கிராண்ட்கேம்ப்’ கப்பலின் சரக்கறையில் புகை கிளம்பியதும், தண்ணீர் பட்டால் சரக்கு கெடும் என்று அறையை மூடி நீராவியைச் செலுத்தினார்கள். வெளிக்காற்று தேவைப்படாத பொருளை மூடியதால் சூடும் அழுத்தமும்தான் ஏறின. சுமார் 2,300 டன் வெடித்தது; ஏறத்தாழ 580 பேர் மடிந்தார்கள். தீ சிறியதாக இருக்கும்போதே ஏராளமான தண்ணீர், திறந்த காற்றோட்டம். தீ மூட்டைகளைப் பிடித்துவிட்டால் ஆட்களை வெகுதூரம் விலக்குவது ஒன்றே வழி.

‘அது கப்பல் சரக்கு, நம்மிடம் கொஞ்சம்தான்’ என்பவர்களுக்கு 2013-இல் டெக்சஸின் வெஸ்ட் ஊர் பதிலளிக்கிறது. மரத் தொட்டிகளில் கொட்டி வைத்த உரம், சுமார் 30 டன் வெடித்தது. இறந்த 15 பேரில் பெரும்பாலானோர் தீயை அணைக்கப் போனவர்கள். இந்தியாவில் 2012-ஆம் ஆண்டு அம்மோனியம் நைட்ரேட் விதிகள் உரிமம் கேட்கின்றன. ஆனாலும் சென்னை மணலியில் 2015-இல் பறிமுதலான சுமார் 700 டன், 2020-இல் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் இதே சரக்கு வெடித்த பிறகுதான் அவசரமாக அகற்றப்பட்டது. கிடங்கில் நைட்ரேட்டுக்குத் தனி அறை, எரியாத தரை, சிந்தியதை அன்றே அள்ளும் வழக்கம் ஆகியவை வேண்டும். டீசல் பீப்பாய் அந்த வாசலைத் தாண்டவே கூடாது.